பழைய சாமான் ஏற்ற லொறி வரமுன் வீட்டில் செய்ய வேண்டியவை

லொறி வருகிற அன்று காலையில் சாமான் பிரிக்கத் தொடங்காதீர்கள். திருகோணமலை பாலையூற்றில் இருந்துகொண்டு டவுனுக்குள்ளும் உப்புவெளி, நிலாவெளிப் பக்கமும் பட்டா என்கிற சின்ன லொறி ஓட்டுகிறேன். வீடுகளில் கழிக்கிற சாமான்களை ஏற்றுவதுதான் என் தொழில். அவசரத்தில் பிரிக்கிற வீட்டில் போகக்கூடாதது போய்விடும், போக வேண்டியது மூலையிலேயே கிடக்கும். சாமான் ஏற்றுகிற பெடியளுக்கு உங்கள் வீட்டில் எது பெறுமதி, எது குப்பை என்று தெரியாது. முற்றத்தில் வைத்ததை ஏற்றுவார்கள், அவ்வளவுதான்.

ஆகவே கழிக்க வேண்டியதைத் தேடுவது இரண்டாவது வேலை. வீட்டை விட்டுப் போகக்கூடாததை எடுத்து ஓர் அறையில் வைத்துப் பூட்டுவதுதான் முதல் வேலை. சாமியறை இருந்தால் அதுவே போதும். திறப்பு உங்கள் இடுப்பில் இருக்கட்டும். அந்த அறைக்குள் நாங்கள் யாரும் கால் வைக்கத் தேவையில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதில் ஒருவருக்கும் கோபம் வராது, எங்களுக்கும் அது நிம்மதி.

உள்ளே போக வேண்டியவை: காணி உறுதி, காணி அனுமதிப்பத்திரம், பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவுகள், பள்ளிக்கூடச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகங்கள், காலமானவர்களின் அடையாள அட்டைகள், முகாமில் இருந்தபோது தந்த அட்டைகள், படங்கள். இந்த ஊரில் இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 1990இல் உடுத்த உடுப்போடு ஓடிய குடும்பங்கள், 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோனதில் மிச்சத்தைப் பொறுக்கிய குடும்பங்கள் இங்கே ஏராளம். அவர்கள் கையில் தங்கிய கடதாசிகள் நல்ல கோப்பில் இருக்காது. பழைய சாரி மடிப்புக்குள், பிஸ்கட் பேணிக்குள், தலையணை உறைக்குள் இருக்கும். பார்க்கிறவருக்கு அது குப்பைதான். உறுதி தொலைந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம். ஆனால் அங்கே தேடுவதற்கு உறுதி இலக்கமோ பதிவு விபரமோ வேண்டும், அது பெரும்பாலும் அந்த உறுதியில்தான் எழுதியிருக்கும்.

இரும்பு அலுமாரியைக் கழிப்பதென்றால் லாச்சியை இழுத்துப் பார்த்து, காலி என்று விட்டுவிடக் கூடாது. லாச்சியை முழுதாகக் கழற்றி வெளியே எடுங்கள். அடியில் விரித்த பத்திரிகைத் தாளைத் தூக்குங்கள். பிறகு லாச்சி இருந்த பொந்துக்குள் ரோர்ச் அடித்துப் பின்பக்கம் பாருங்கள். மேல் லாச்சி நிறைந்தால் கடதாசிகள் பின்னால் வழுகி அடியில் போய் விழும். உப்புவெளியில் ஒரு வீட்டில் அப்படித் தாளைத் தூக்கியபோது சோலைவரி ரசீது இரண்டும், வெள்ளைச் சேட் போட்ட ஒரு பெடியனின் சின்னப் படமும் தட்டையாகக் கிடந்தன. படத்தின் பின்பக்கம் பென்சிலால் வகுப்பும் வருடமும் எழுதியிருந்தது. அந்த வீட்டு அம்மா அதை வாங்கி உள்ளங்கையில் வைத்தபடி, "இவன்ட வேற படம் எங்களிட்ட இல்லைத் தம்பி" என்றார். அலுமாரியை அன்று ஏற்றினோம். படத்தை அவர் பிறகு ஸ்கான் பண்ணி எல்லாப் பிள்ளைகளுக்கும் அனுப்பியதாகச் சொன்னார்.

றங்குப்பெட்டி இன்னும் கவனம். நம்முடைய உப்புக்காற்றில் மூடியின் ஓரம் கறள் பிடித்து உடம்போடு ஒட்டியிருக்கும். சுத்தியலால் அடித்தால் உள்ளே கறள் தூள் கொட்டும். ஓரத்தைச் சுற்றித் தேங்காய் எண்ணெய் விட்டு ஓர் இரவு வைத்து, அடுத்த நாள் தட்டைக் கத்தியால் மெல்ல நெம்பினால் போதும். உள்ளே படங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் பிய்க்க வேண்டாம். ஸ்ரூடியோவில் கழுவிய பழைய படங்களை, முக்கியமில்லாத ஒன்றில் முதலில் செய்து பார்த்துவிட்டு, சுத்தமான தண்ணீரில் ஊறவிட்டால் பெரும்பாலும் தானாகப் பிரியும். நிழலில், முகம் மேலே பார்க்கக் காயவிடுங்கள், வெயிலில் வேண்டாம். கண்ணாடியோடு ஒட்டிய படத்தைக் கழற்றவே வேண்டாம். கண்ணாடிக்கு மேலாலேயே போனில் ஒரு படம் எடுத்துவிட்டு, அப்படியே வைத்திருங்கள்.

அடுத்தது வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள். லொறி வாசலில் நிற்க, கனடாவுக்கு வீடியோ கோல் எடுத்து ஒவ்வொரு கதிரையாகக் காட்டுவது நடக்கிற காரியமில்லை. இங்கே காலை என்றால் அங்கே நடுச்சாமம். தூக்கக் கலக்கத்தில் "எல்லாத்தையும் ஏத்துங்கோ" என்பார்கள், விடிந்ததும் அப்பாவின் தையல் மெசின் எங்கே என்று கேட்பார்கள். ஒரு கிழமைக்கு முன்பே ஒவ்வொரு சாமானையும் தனித்தனியாகப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுங்கள். இந்தத் திகதிக்குள் பதில் வராவிட்டால் கழிக்கிறோம் என்று தெளிவாக எழுதுங்கள். வேண்டும் என்கிறவர், யார் வீட்டில் வைப்பது என்றும் சொல்ல வேண்டும். வைத்திருக்க இடம் சொல்லாத "வேணும்" ஒரு முடிவே அல்ல.

வீட்டில் இருக்கிற பெரியவர்களின் சம்மதம் அதைவிட முக்கியம். அம்மாவைக் கோணேசர் கோயிலுக்கு அனுப்பிவிட்டு அவவின் சாமானை ஏற்றச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் அதற்கு உடன்படுவதில்லை. ஆட்டுக்கல்லை இனி யாரும் ஆட்டப்போவதில்லை என்று அவவுக்கும் தெரியும். கேட்டுவிட்டு எடுத்தால் மனம் ஆறும், கேளாமல் எடுத்தால் அது பல வருடத்துக்குப் பேச்சாக இருக்கும். அம்மி, உரல், பித்தளைக் குடம், கிடாரம் எல்லாவற்றையும் அவரைப் பக்கத்தில் இருத்திக் கேட்டே முடிவெடுங்கள். பித்தளை கிலோக் கணக்கில் போகும். கொடுப்பதென்று முடிவெடுத்தால் நிறுத்துப் பார்த்து, கணக்கைச் சொல்லி, காசை அவர் கையிலேயே கொடுங்கள்.

நாள் குறிக்கும்போது வெள்ளிக்கிழமையைத் தவிருங்கள். வெள்ளியில் வீட்டுச் சாமானை வெளியே கொடுக்க நம் வீடுகளில் விரும்ப மாட்டார்கள். ஏற்றுகிற பெடியளில் பாதிப்பேர் ஜமாலியா, கிண்ணியாக்காரர், மதியம் ஜும்மாவுக்குப் போக வேண்டும். பாதி ஏற்றிய லொறி உங்கள் வாசலில் நிற்கும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் காலை ஆறரைக்கே தொடங்கினால் நல்லது. பத்து மணிக்குப் பிறகு வெயிலும் காற்றும் சேர்ந்து ஆளை வதைக்கும், கடதாசி, பொலித்தீன் எல்லாம் அயல் வளவில் கிடக்கும். வளவு துப்புரவாக்குவதென்றால் செப்டெம்பரிலேயே முடியுங்கள். மாரி இறங்கிய பிறகு நனைந்த மெத்தையை நாலு பேர் பிடித்தாலும் தூக்க முடியாது.

மாரிக்கு முன் என்பதற்கு இன்னொரு காரணம் நுளம்பு. 2017இல் நாடு முழுக்க ஒரு இலட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு டெங்கு வந்தது. அந்த வருட மார்ச்சில் கிண்ணியா பட்ட பாட்டை இங்கே யாரும் மறக்கவில்லை. டெங்கு நுளம்பு தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் முட்டை ஒட்டும். அது காய்ந்து மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, மழைத் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். எனவே பழைய டயர், வாளி, பேணி, உடைந்த கொமட் போன்றவற்றைக் கவிழ்த்து வைப்பது மட்டும் போதாது. கழிக்கிறதைக் கழித்துவிடுங்கள். வைத்துக்கொள்கிற பாத்திரத்தின் உட்பக்கத்தைத் தும்பால் நன்றாக உரஞ்சிக் கழுவுங்கள்.

கோடிப்புறத்துக் குவியலில் நேரே கை வைக்கக் கூடாது. பழைய ஓடு, கிடுகு, பலகைக்குள் புடையன், சுருட்டை, தேள் இருக்கலாம். முதல் நாள் நீளத் தடியால் தட்டிக் குவியலைக் கொஞ்சம் கலைத்துவிடுங்கள். சப்பாத்தும் தடித்த கையுறையும் இல்லாமல் யாரையும் அங்கே விடாதீர்கள். பாம்பு கடித்தால் கீறவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம், நேரே பெரியாஸ்பத்திரிக்கு.

மண்ணைக் கிளறும்போது இனம் தெரியாத கனமான இரும்பு வந்தால் தொடாதீர்கள். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் குண்டு போட்ட ஊர் இது, அதன் பிறகு எத்தனையோ வருடச் சண்டையும் கண்டது. கறள் பிடித்த உருளை ஒன்று பழைய இரும்பாகவும் இருக்கலாம், வெடிக்காத ஷெல்லாகவும் இருக்கலாம். தூக்கித் தராசில் வைத்துப் பார்க்கிற விஷயமல்ல அது. பிள்ளைகளைத் தள்ளி வைத்துவிட்டு, இடத்தை அடையாளப்படுத்தி, 119க்கு அழையுங்கள்.

சில சாமான்களுக்கு முன்கூட்டியே வேலை இருக்கிறது. ஃப்ரிட்ஜை முதல் நாளே நிறுத்தி ஐஸைக் கரையவிட்டு, உள்ளே துடைத்து, கதவைக் கழற்றுங்கள். முடியாவிட்டால் கயிற்றால் இறுகக் கட்டுங்கள். முற்றத்தில் கிடக்கிற பழைய ஃப்ரிட்ஜுக்குள் பிள்ளை ஒளிந்தால் உள்ளிருந்து திறக்க முடியாமல் போகும், மூச்சு முட்டிவிடும். செப்புக்காக அதன் குழாயை வெட்ட யாரையும் விடாதீர்கள், உள்ளே இருக்கிற காஸ் வெளியேறும். பெட்டி ரீவியின் கண்ணாடிக்குழாயில் ஈயம் இருக்கிறது, செப்புச் சுருளுக்காக உடைக்க வேண்டாம். கார் பற்றரியைச் சரிக்காமல் ஒரு பிளாஸ்டிக் பேசினுக்குள் வையுங்கள். ரியூப் பல்ப்பில் பாதரசம் இருப்பதால், உடையாமல் மட்டையில் சுற்றித் தனியாகக் கொடுங்கள். போன், கம்ப்யூட்டர் போன்றவற்றில் இருக்கிற படங்களை எடுத்துவிட்டு மெமரியை அழித்துக் கொடுங்கள். இவற்றை எடுக்க மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதி பெற்ற சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் சேர்ப்பதே சரி. காஸ் சிலிண்டர் வெறுமையாக இருந்தாலும் பழைய இரும்பு அல்ல, விற்பனை முகவரிடம்தான் போக வேண்டும்.

அஸ்பெஸ்டஸ் சீற் பற்றி நம் ஊரில் பலருக்குப் பயமே இல்லை. லொறிக்குள் அடங்க வேண்டும் என்று காலால் மிதித்து உடைப்பார்கள். அந்தத் தூசியில் இருக்கிற நார் நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது, வருத்தம் பல வருடம் கழித்துத்தான் தெரியும். சீற்றை நன்றாகத் தண்ணீர் தெளித்து நனைத்து, முழுசாக இறக்கி, தடித்த பொலித்தீனில் சுற்றுங்கள். உடைந்த துண்டுகளைக் கூட்டிப் பெருக்காமல் நனைத்து அள்ளுங்கள். இருக்கிறது என்று முன்பே சொன்னால் பெரிய லொறி கொண்டுவரலாம்.

பாதையும் பார்க்க வேண்டும். ஒழுங்கையின் அகலம், கேற்றின் அகலம், தாழத் தொங்குகிற வயர், மதிலுக்கு மேலால் வந்த மாங்கொப்பு எல்லாவற்றையும் போனிலேயே சொல்லிவிடுங்கள். முன்வீட்டுக்காரரிடம் ஓட்டோவை ஒரு மணித்தியாலம் வேறிடத்தில் விடச் சொல்லி முதல் நாளே கேளுங்கள். கட்டில், சோபாவின் கால்களையும் அலுமாரித் தட்டுகளையும் கழற்றி, ஆணிகளை ஒரு பையில் போடுங்கள்.

ஆனால் சாமானை முதல் நாள் இரவே வீதியில் வைக்க வேண்டாம். டவுனுக்குள் திரிகிற புள்ளிமான்கள் குப்பைப் பையைக் கிளறி, சாப்பாட்டு மணத்துக்குப் பொலித்தீனையும் சேர்த்துத் தின்னும். அது வயிற்றில் அடைத்தால் மான் தப்பாது. கேற்றுக்கு உள்ளேயே வையுங்கள், குசினிக் குப்பையை இதோடு கலக்காதீர்கள்.

கூலியை ஏற்றுமுன்பே பேசி முடியுங்கள். லோட் கணக்கா, கிலோக் கணக்கா? இரும்பு, பித்தளை, பற்றரியின் விலையைக் கூலியில் கழிப்பதா, தனியாகத் தருவதா? இவை தெளிவாக இருக்க வேண்டும். எங்கே கொண்டுபோய்க் கொட்டுவீர்கள் என்று கட்டாயம் கேளுங்கள். நேராகப் பதில் சொல்லாதவரை அனுப்பிவிடுங்கள். களப்புக் கரையிலும் கன்னியா வீதியோரத்திலும் மெத்தைகள் கிடந்தால், அவை யாரோ ஒருவர் காசு கொடுத்து ஏற்றி அனுப்பியவைதான்.

ஏற்றும்போது ஒருவர் லொறிப் பக்கத்திலும் ஒருவர் வீட்டு வாசலிலும் நில்லுங்கள். குழம்பினால் "இது வேண்டாம் தம்பி, இறக்குங்கோ" என்று உடனே சொல்லலாம். லொறி உங்கள் வாசலில் நிற்கும்வரை எதையும் இறக்கித் தருவோம், தராசுக்குப் போன பிறகு தேடி எடுப்பது கஷ்டம்.

பழைய ஸ்பீக்கர் ஒன்றை மட்டும் ஏற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள். அதன் காந்தத்தைக் கழற்றி ஒரு கயிற்றில் கட்டி, லொறி போனதும் முற்றத்து மணலில் மெல்ல இழுத்துக்கொண்டு நடவுங்கள். கறள் ஆணி, தகரத் துண்டு எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். கேற்றடியில் இரண்டு தரம் இழுங்கள், அங்கேதான் அதிகம் விழும். பிள்ளைகள் வெறுங்காலோடு இறங்குவது அதன் பிறகு இருக்கட்டும்.