அயர்லாந்து வரலாறு எழுதும்போது எல்லா ஹியூவையும் ஒரே ஆளாக்கிடாதீங்க

அயர்லாந்து பத்தி தமிழ்ல எழுதுறவங்க, வீடியோ போடுறவங்க நிறைய பேர் சறுக்குற இடம் ஹியூங்கற பேர்தான். அசல் ஐரிஷ் பேர் 'ஏ', சில பகுதியில 'ஈ'ன்னு சொல்வாங்க, நெருப்புன்னு அர்த்தம். Aodh-ங்கற ஸ்பெல்லிங்கைப் பார்த்து 'அவோத்'ன்னு படிச்சிடாதீங்க. இங்கிலீஷ் ஆவணங்கள்ல இதை ஹியூன்னு மாத்தி எழுதிட்டாங்க, ஆனா ஹியூங்கறது ஜெர்மானிய வழியில வந்த வேற பேரு. அதனால அயர்லாந்துல ஹியூன்னு யாரைப் பார்த்தாலும் அவர் அசல் பேர் 'ஏ'ன்னு நினைச்சிடக்கூடாது. 1186ல டரோவுல கொல்லப்பட்ட ஹியூ டி லேசி நார்மன் பிரபு, மீத் பகுதியைப் பிடிச்சு ஆண்டவரு, அவரைப் போய் ஐரிஷ் 'ஏ'ன்னு எழுதுறது ரொம்பத் தப்பு.

இதைவிடப் பெரிய குழப்பம் ஹியூ ஓ நீலும் ரெட் ஹியூ ஓ டானலும். ரெண்டு பேரும் ஒரே காலம், எலிசபெத் ராணியோட படையை எதிர்த்து ஒண்ணா நின்னவங்க, போதாததுக்கு மாமனார் மருமகன் வேற, ஓ நீலோட பொண்ணு ரோஸைத்தான் ரெட் ஹியூ கட்டினாரு. ஓ நீல் டைரோன் பிரபு, வயசுல ரொம்ப மூத்தவரு, 1598ல யெல்லோ ஃபோர்டுல இங்கிலீஷ் படையை நொறுக்கினவரு. ரெட் ஹியூ 1572ல பிறந்தவரு. 1587ல ஒயின் விக்க வந்த கப்பல் மாதிரி காட்டி ஏமாத்தி, ரத்மல்லன் கரையில இருந்து பையனைத் தூக்கிட்டுப்போய் டப்ளின் கோட்டையில அடைச்சிட்டாங்க. ஒரு தடவை தப்பிச்சு மாட்டி, அப்புறம் 1592 ஜனவரி குளிர்ல மறுபடி தப்பிச்சு விக்லோ மலைக்குள்ள ஓடினாரு, கூட வந்த ஆர்ட் ஓ நீல் பனியில விறைச்சு அங்கயே செத்துட்டாரு, இவருக்கு ரெண்டு கால் கட்டைவிரலும் போச்சு. இந்தக் கதையை ஓ நீலுக்கு நடந்ததா எழுதுறதைப் பார்த்தா உண்மையிலேயே மனசு கஷ்டமா இருக்கு.

1607ல பிரபுக்கள் கப்பலேறி நாட்டை விட்டுப் போனாங்களே, அதுல ரெட் ஹியூவைச் சேர்க்குறதும் அடிக்கடி நடக்குது. அவர் 1602லயே ஸ்பெயின்ல சிமன்காஸ்ல இறந்துட்டாரு. 1607ல ஓ நீல் கூடப் போனது ரெட் ஹியூவோட தம்பி ரோரி. ஓ நீல் 1616ல ரோம்ல இறந்தாரு. ரெட் ஹியூவைப் புதைச்சது வல்லடோலிட்ல, அங்க 2020ல தோண்டினப்ப எலும்புக்கூடுகள் கிடைச்சதும் கட்டைவிரல் இல்லாத எலும்பைத்தான் எல்லாரும் தேடினாங்க. கிடைச்சது அவரோடதுதான்னு உறுதியானதா எழுதாதீங்க, உறுதியாகல.

ஓ நீலும் ரெட் ஹியூவும் ஸ்பெயின் படை துணையோட இங்கிலீஷ் படையை எதிர்த்த கின்சேல் போர் தேதியிலயும் கவனம் வேணும். ஒரு இடத்துல 1601 டிசம்பர் 24ன்னு இருக்கும், இன்னொரு இடத்துல 1602 ஜனவரி 3ன்னு இருக்கும். ரெண்டும் ஒரே நாள்தான், இங்கிலீஷ்காரங்க பழைய காலண்டர்லயே இருந்தாங்க, ஸ்பெயின்காரங்க புதுசுக்கு மாறிட்டாங்க. ரெண்டு போர்னு நினைச்சு எழுதிடாதீங்க.

அதே மாதிரி இங்கிலாந்துல லிண்டிஸ்ஃபார்ன் மடத்தை 635ல ஆரம்பிச்ச புனித ஏய்டன் பேரும் 'ஏ'ங்கற பேர்ல இருந்து வந்த செல்ல வடிவம்தான், ஆனா அது தனிப் பேரா நின்னுடுச்சு, தனியாவே வைங்க.

கடைசியா, 1650ல க்லான்மெல் ஊர்ல இங்கிலீஷ் படைத்தலைவர் கிராம்வெல்லைத் தடுத்து நிறுத்தின ஹியூ டப் ஓ நீல். இவர் டைரோன் பிரபு இல்ல, அவரோட குடும்பத்துல பிறகு வந்தவரு. மதில் உடைஞ்ச இடத்துக்குப் பின்னாடியே உள்ள இன்னொரு தடுப்பு கட்டி, உள்ள நுழைஞ்ச கிராம்வெல் ஆட்களை ஆயிரத்துக்கு மேல சாய்ச்சாரு. மருந்து குண்டு தீர்ந்ததும் ராத்திரியோட ராத்திரியா படையோட வெளியேறிட்டாரு, கிராம்வெல் அது தெரியாம ஊர் மேயருக்கு நல்ல நிபந்தனை கொடுத்துக் கையெழுத்தும் போட்டுட்டாரு. இவ்வளவு செஞ்ச மனுஷனை அவர் பேர்லயே எழுதுங்க, 'டப்'பை மட்டும் விட்டுடாதீங்க, அதை விட்டா படிக்கிறவங்க நேரா டைரோன் பிரபுகிட்ட போயிடுவாங்க, அவர் செத்து அப்பவே 34 வருஷம் ஆச்சு.