தெருவில் புது ரோடு வரப்போகிறதா? தோண்டுவதற்கு முன்பே செய்ய வேண்டியவை

தெருவை மொத்தமாகத் தோண்டிப் புதிதாக ரோடு போடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் எல்லோரும் கேட்பது "எப்போது முடியும்?" என்றுதான். நியாயமான கேள்விதான், ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: "முடிந்த பிறகு ரோடு எந்த உயரத்தில் இருக்கும்?" தூசி, சத்தம், வண்டி நிறுத்த இடமில்லாத அவதி எல்லாம் வேலை முடிந்ததும் போய்விடும். ரோடு உங்கள் வாசலைவிட உயர்ந்துவிட்டால் அது போகாது, ஒவ்வொரு மழைக்கும் தெருத் தண்ணீர் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கும், அந்த வீட்டில் இருக்கும் வரை நீங்கள்தான் அதோடு மல்லுக்கட்ட வேண்டும்.

ஒரு தெரு எப்படி உயர்கிறது என்பதை யாரும் கவனிப்பதில்லை. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே 5 சென்டிமீட்டர் போட்டால் பெரிதாகத் தெரியாது. அதையே மூன்று முறை செய்தால் 15 சென்டிமீட்டர், அதாவது கிட்டத்தட்ட ஒரு முழுப் படி. முழுதாகத் தோண்டிப் போடும் வேலை இதை மாற்றக் கிடைக்கும் அரிய வாய்ப்பு, ஏனென்றால் அடியிலிருந்தே கட்டுவதால் எந்த மட்டத்தில் முடிப்பது என்று அவர்களால் தீர்மானிக்க முடியும். அதனால் வேலை தொடங்குவதற்கு முன்பே பொறியாளரைப் பார்த்து இரண்டு எண்களைக் கேளுங்கள். எவ்வளவு ஆழம் தோண்டுகிறீர்கள், எல்லா அடுக்கும் சேர்ந்து எவ்வளவு கனம் போடுகிறீர்கள். 40 தோண்டி 50 போட்டால் 10 சென்டிமீட்டர் ஏறும், இதற்குப் பெரிய படிப்பெல்லாம் தேவையில்லை. வரைபடத்தில் ரோட்டின் குறுக்குவெட்டு ஒன்று கட்டாயம் இருக்கும், அதைக் காட்டச் சொல்லுங்கள், உங்கள் வீட்டு வாசல் அதில் எங்கே வருகிறது என்று கேளுங்கள். "அதெல்லாம் பார்த்துச் செய்வோம்" என்ற பதிலோடு திரும்பி வராதீர்கள்.

சரி, அவர்கள் ஒரு எண்ணைச் சொல்லிவிட்டார்கள். பிறகு அதை எப்படிச் சரிபார்ப்பது? தோண்டிய பிறகு பழைய ரோடே இருக்காது, எதோடு ஒப்பிடுவது? அதனால் முன்கூட்டியே ஒரு அடையாளம் வேண்டும். கொத்தனார்கள் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும் ட்யூப் போதும். கண்ணாடி போல் உள்ளே தெரியும் நீளமான ப்ளாஸ்டிக் ட்யூபில் தண்ணீர் நிரப்புங்கள், நடுவில் காற்றுக்குமிழி ஒன்றுகூட இருக்கக் கூடாது, இருந்தால் அளவு தப்பாகிவிடும். ஒருவர் ஒரு முனையை வீட்டு வாசல்படி ஓரத்தில் சுவரோடு பிடிக்கட்டும், இன்னொருவர் மறுமுனையைக் கேட் தூணில் பிடிக்கட்டும், இரண்டு முனையும் திறந்தே இருக்க வேண்டும். தண்ணீர் ஆடி அடங்கும் வரை பொறுங்கள். அடங்கியதும் இரண்டு பக்கமும் தண்ணீர் நிற்கும் கோடு ஒரே உயரம். இரண்டு இடத்திலும் அழியாத பெயின்டில் கோடு போடுங்கள். பிறகு அந்தக் கோட்டிலிருந்து வாசல்படி எவ்வளவு கீழே, ரோட்டின் ஓரம் எவ்வளவு கீழே, ரோட்டின் நடு எவ்வளவு கீழே என்று அளந்து தேதியோடு எழுதி, டேப் தெரிகிற மாதிரி போட்டோவும் எடுத்து வையுங்கள். தெருவில் நாலைந்து வீடுகள் இப்படிச் செய்துவிட்டால், பின்னால் யாரும் "பழைய மட்டம்தான் சார்" என்று சொல்லிவிட்டுப் போக முடியாது.

உயரத்தோடு ஒட்டிய விஷயம் சரிவு. ரோட்டின் நடு சற்று உயர்ந்து இரண்டு ஓரமும் தாழ்ந்திருக்க வேண்டும், வழக்கமாக 2 முதல் 2.5 சதவீதம். நடுவிலிருந்து ஓரம் வரை 3 மீட்டர் என்றால் 6 முதல் 7.5 சென்டிமீட்டர் இறக்கம். ஓரத்துக்கு வந்த தண்ணீர் அப்புறம் எங்கே போகிறது என்பதும் முக்கியம். வடிகாலின் வாய் ரோட்டைவிடத் தாழ்வாக இருக்கிறதா, அந்த வடிகால் போய்ச் சேரும் இடம் இதைவிடத் தாழ்வாக இருக்கிறதா? பல இடங்களில் வடிகாலை ஒரு திட்டத்தில் கட்டுகிறார்கள், ரோட்டை இன்னொரு திட்டத்தில் போடுகிறார்கள், இரண்டும் ஒன்றையொன்று பார்ப்பதே இல்லை. தண்ணீர் எந்த வீட்டருகே தேங்கும், எந்தத் திருப்பத்தில் ஓடும் என்பது தெருவில் குடியிருப்பவர்களுக்குத்தான் தெரியும். கடந்த மழையில் எடுத்த போட்டோ, வீடியோ யாரிடமாவது இருக்கும். அதை வாங்கிப் பொறியாளருக்குக் காட்டுங்கள், வாயால் சொல்வதைவிட அது நன்றாக எடுபடும்.

அடுத்தது மண்ணுக்கு அடியில் இருப்பவை. வீட்டுக்கு வரும் தண்ணீர்க் குழாய், கழிவுநீர் இணைப்பு, மொட்டை மாடித் தண்ணீர் வெளியேறும் பைப், கேபிள் என்று எல்லாம் தெருவைக் குறுக்கே கடந்து போகின்றன, பழைய இணைப்புகள் பல எந்த வரைபடத்திலும் இருக்காது. இயந்திரக் கை ஒரு முறை வாரினால் போதும். உங்கள் குழாய் எந்த இடத்தில் கடக்கிறது என்று சுவரில் அம்புக்குறி போட்டு ஆழத்தையும் எழுதிவிடுங்கள், தோண்டுபவருக்கு அதுதான் உதவும். குழாய் பழையது, கசிகிறது, சிறியது என்றால் மாற்றிக்கொள்ள இதைவிட நல்ல நேரம் கிடையாது. குடிநீர், கழிவுநீர், மின்சாரம், இணையம் என்று தெருவைத் தோண்டக்கூடிய எல்லோரையும், இப்போது செய்யுங்கள் அல்லது பிறகு வராதீர்கள் என்று எழுத்தில் கேட்டு நெருக்க வேண்டும். கூடவே இன்னொன்று கேளுங்கள்: சில இடங்களில் ரோட்டின் குறுக்கே காலிக் குழாய் பதித்து இரண்டு முனையையும் மூடி வைக்கச் சொல்லுங்கள். நாளைக்கு யாராவது புதிதாகக் கேபிள் இழுக்க வேண்டுமென்றால் அதற்குள் நுழைத்துக்கொள்ளலாம், ரோட்டை வெட்ட வேண்டாம். புது ரோடு போட்ட கொஞ்ச நாளிலேயே நடுவில் ஒரு பள்ளம் வெட்டி மண்ணை அள்ளிப்போட்டு மூடுவதைப் பார்க்கும்போது வரும் வயிற்றெரிச்சல் இருக்கிறதே, அதைத் தவிர்க்க இது ஒன்றுதான் வழி.

மேன்ஹோல் மூடிகளையும் வால்வு மூடிகளையும் மறக்காதீர்கள். இவை புது மட்டத்துக்கு உயர்த்தப்படாமல் தாருக்கு அடியிலேயே புதைந்துபோவது சர்வசாதாரணம், பிறகு அடைப்பு வரும் நாளில் எங்கே இருக்கிறது என்று கடப்பாரையால் குத்தித் தேட வேண்டியிருக்கும். ஒவ்வொரு மூடிக்கும் அசையாத இரண்டு இடங்களிலிருந்து, அதாவது ஒரு கேட் தூணிலிருந்தும் ஒரு சுவர் மூலையிலிருந்தும், தூரம் அளந்து எழுதிவிட்டால் எப்போது வேண்டுமானாலும் கண்டுபிடிக்கலாம்.

வீட்டுச் சுவர்களையும் போட்டோ எடுத்து வையுங்கள். ரோலர் அதிரும்போது பழைய வீடுகளில் விரிசல் விழலாம், ஏற்கெனவே இருப்பது பெரிதாகலாம். முன்பே இருந்த விரிசல் எது, புதிது எது என்று காட்ட முடியாவிட்டால் உங்கள் பேச்சு எடுபடாது. விரிசல் முடியும் இடத்தில் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். விரிசல் கோட்டைத் தாண்டினால் தெரிந்துவிடும். அதிர்வு அதிகமாக இருந்தால் ரோலரை அதிர்வு இல்லாமல் வெறும் எடையில் ஓட்டச் சொல்லிக் கேட்கலாம், பெரும்பாலான இயந்திரங்களில் அந்த வசதி உண்டு. கூடுதலாகச் சில தடவை உருட்ட வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

இனி வேலை நடக்கும் நாட்கள். இதில் முதலில் யோசிக்க வேண்டியது நடக்க முடியாதவர்களை. தெருவில் எந்த வீட்டில் படுக்கையில் இருக்கும் பெரியவர், சக்கர நாற்காலியில் இருப்பவர், டயாலிசிஸுக்குப் போய்வருபவர், பிரசவம் நெருங்கியவர் இருக்கிறார்கள் என்று அவர்களிடம் அனுமதி கேட்டே ஒரு பட்டியல் எடுத்து, வேலையை மேற்பார்வை செய்பவர் கையில் கொடுங்கள். ஆம்புலன்ஸ் எந்த முனையிலிருந்து எந்த வீடு வரை வர முடியும் என்பது தினமும் மாறும், அதைத் தினமும் மாலையில் தெருக்காரர்களின் குழுவில் ஒருவர் சொல்லிவிட வேண்டும். தெருவின் ஒரு பாதியை முடித்துவிட்டு மறுபாதியைத் தொடங்குங்கள் என்று கேட்டுப் பாருங்கள், அகலம் இருந்தால் செய்வார்கள். பள்ளத்தைக் கடக்கப் போடும் பலகைக்குக் கைப்பிடி வேண்டும், இரவில் விளக்கு வேண்டும், பள்ளத்தைச் சுற்றித் தடுப்பு வேண்டும். இவை மூன்றும் சலுகை இல்லை, ஒப்பந்தக்காரர் செய்தே ஆக வேண்டிய பாதுகாப்பு, அதனால் இவற்றைக் கேட்கும்போது தயங்க வேண்டாம். கடை வைத்திருப்பவர்கள் சரக்கு இறக்கும் நேரத்தை முன்கூட்டிப் பேசிவைத்துக்கொள்வது நல்லது, வாடிக்கையாளர் எந்தப் பக்கமாக வரலாம் என்று தெரு முனையில் ஒரு பலகையும் வையுங்கள்.

கான்கிரீட்டையோ கல்லையோ உலர்வாக வெட்டும்போது கிளம்பும் வெள்ளைத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல், தண்ணீர் விட்டு வெட்டச் சொல்லுங்கள். வெட்டுகிறவருக்கும் அதுதான் நல்லது. குழாய் இணைப்பை நிறுத்தித் திரும்பக் கொடுக்கும் நாளில் முதலில் வெளிக்குழாயைத் திறந்து கலங்கல் போகும் வரை ஓடவிட்டுவிட்டு அப்புறம் தொட்டிக்கு ஏற்றுங்கள். நாற்றம் அடித்தால் குடிக்க வேண்டாம், உடனே புகார் கொடுங்கள், கழிவுநீர்க் குழாயும் பக்கத்திலேயே உடைந்திருக்கலாம்.

பக்கத்துத் தெருக்காரர்களும் இதில் சேர்த்தி. உங்கள் தெருவை மூடியதும் கனரக வண்டிகள் அவர்கள் தெரு வழியாகத் திருப்பிவிடப்படும். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ரோடு போட்டு லாரிகளை ஓட்டிச் சோதித்துப் பார்த்ததிலிருந்து வந்த கணக்கு ஒன்று உண்டு: அச்சில் விழும் பளு இரண்டு மடங்கானால் ரோட்டுக்கு வரும் சேதம் சுமார் 16 மடங்கு. அரை டன் விழும் கார் அச்சையும் 10 டன் விழும் லாரி அச்சையும் இந்தக் கணக்கில் போட்டால் வித்தியாசம் 1,60,000 மடங்கு. ஆகவே கார்கள் சந்து வழியாகப் போகட்டும், லாரிகளுக்குப் பெரிய ரோடு வழியாகவே மாற்றுப்பாதை வேண்டும் என்று ஆரம்பத்திலேயே கேளுங்கள்.

வேலையின் தரத்தை வெறும் கண்ணால் ஓரளவு பார்க்க முடியும். பள்ளத்தை மூடும்போது மண்ணை ஒரேயடியாகக் கொட்டி மேலே மட்டும் அழுத்தினால் அது பிறகு இறங்கும், 15, 20 சென்டிமீட்டர் அடுக்காகப் போட்டு ஒவ்வொன்றையும் இறுக்க வேண்டும். தார் அடுக்குக்கு முன் அடித்தளத்தைத் துடைத்து ஒட்டுப்பூச்சு தெளிப்பார்கள். அது தண்ணீரில் கலந்த தார்க் குழம்பாக இருந்தால் தெளித்தவுடன் பழுப்பாக இருக்கும், தண்ணீர் பிரிந்ததும் கறுப்பாக மாறும், கறுத்த பிறகுதான் மேலே கலவை போட வேண்டும். தூசியின் மேல் தெளித்தால் அடுக்கு பின்னால் தோலுரிவது போல் பெயர்ந்து வரும். கலவை சுமார் 150 டிகிரியில் சூடாக வரும், 100 டிகிரிக்கு அருகில் இறங்குவதற்குள் உருட்டி முடிக்க வேண்டும், மழையில் போடுகிறார்கள் என்றால் உடனே பொறியாளரை அழையுங்கள். கான்கிரீட் ரோடு என்றால் ஒரு வாரமாவது ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். ஏழு நாளில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு பலம்தான் வந்திருக்கும், கணக்கிட்ட முழுப் பலம் 28 நாளில். "காய்ந்துவிட்டதே" என்று அதற்கு முன்பே வண்டியை ஏற்றிவிடுவது பெரும்பாலும் தெருக்காரர்கள்தான், அதைத் தடுக்க வேண்டியது நம் வேலை. மரங்களின் அடிமரம் வரை கான்கிரீட் பூசவும் ஒரு பக்க வேரை மொத்தமாக வெட்டவும் விடாதீர்கள், அப்படி வெட்டிய மரம் காற்றில் சாயும்.

இதையெல்லாம் கவனிக்கும்போது ஒன்று நினைவில் இருக்கட்டும். வெயிலில் தார் ஊற்றுகிறவரிடம் கத்திப் பயனில்லை, அவர் முடிவெடுப்பவர் இல்லை. தெருவுக்கு ஒருவர் அல்லது இருவர் பேசட்டும், மேற்பார்வையாளரிடமும் பொறியாளரிடமும் மட்டும் பேசட்டும், பேசியதை அன்றே இரண்டு வரியில் எழுதி அனுப்பிவிடட்டும். ஆளாளுக்கு ஒன்று சொன்னால் அவர்கள் யார் சொன்னதையும் கேட்க மாட்டார்கள்.

வேலை முடிந்ததும் முதல் மழை உங்களுக்கான பரிசோதனை. மழை விட்டுக் கொஞ்ச நேரம் கழித்தும் தண்ணீர் நிற்கும் இடங்களைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட்டு, நடுவில் ஸ்கேலை நிறுத்தி ஆழம் தெரியப் போட்டோ எடுங்கள். குழாய்க்குத் தோண்டிய கோடு, மேன்ஹோல் ஓரம், வாசல் இணையும் இடம், இந்த மூன்றில்தான் முதலில் இறங்கும். தூணில் போட்ட பழைய கோட்டிலிருந்து புது ரோடு வரை மறுபடி அளந்து, முன்பு எழுதி வைத்ததோடு ஒப்பிடுங்கள். கனத்தில் சந்தேகம் இருந்தால் ரோட்டிலிருந்து உருளையாகத் துளைத்து எடுத்து அளக்கும் சோதனையை எழுத்தில் கேட்கலாம். ஒப்பந்தத்தில் குறைகளை ஒப்பந்தக்காரரே தன் செலவில் சரிசெய்ய வேண்டிய காலம் எதுவரை என்று பொதுவாகப் போட்டிருக்கும். அந்தக் கடைசித் தேதியைக் கேட்டு வாங்கி, அதற்கு மூன்று மாதம் முன்னதாகவே தெருவை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து பார்த்து, எல்லாக் குறையையும் ஒரே கடிதத்தில் போட்டோக்களோடு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.