இங்கிலாந்து மூதாதையரின் உடன்பிறப்புகளைக் கண்டுபிடிக்க

இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கோ அமெரிக்காவுக்கோ குடியேறிய மூதாதையரின் குடும்பத்தைத் தேடுகிறீர்களா? இங்கிலாந்து-வேல்ஸ் பொதுப் பதிவு அலுவலகத்தின் இணையப் பிறப்பு அட்டவணையில் முதல் பெயரைக் காலியாக விட்டு, குடும்பப் பெயரையும் தாயின் பிறந்த வீட்டுப் பெயரையும் (திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர்) போட்டு, பிறந்த ஆண்டையும் பாலினத்தையும் தேர்ந்தெடுங்கள். கூடப் பிறந்தவர்கள் வரிசையாக வருவார்கள்.

பழைய காலாண்டு அட்டவணைகளில் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் 1911-இல்தான் சேர்ந்தது. இந்த இணைய அட்டவணையில் 1837 முதலே இருக்கிறது. தேடுவதற்குக் கட்டணமும் இல்லை. இரண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளுக்கு இடையே பிறந்து இறந்துபோன குழந்தைகூட அகப்படும், அதுதான் இதன் பெரிய பலன். ஆண், பெண் தனித்தனியாகத் தேடுங்கள்; ஸ்மித், ஜோன்ஸ் போன்ற பெயர்களுக்குப் பதிவு மாவட்டத்தையும் ஒப்பிடுங்கள்.

திருமணமாகாத தாயின் குழந்தைக்குத் தாயின் பிறந்த வீட்டுப் பெயருக்கான கட்டம் பொதுவாகக் காலியாக இருக்கும். 1837 ஜூலைக்கு முன் பிறந்தவர்களுக்குத் தேவாலயப் பதிவேடுதான். ஸ்காட்லாந்து, அயர்லாந்து இதில் வராது.