நெஞ்சுச் சளியைக் கவனிக்கும் முறையும் பரிசோதனைக்குக் கொடுக்கும் முறையும்

மூச்சுக்குழாய்களின் உட்சுவர் எந்நேரமும் சிறிது சளியைச் சுரந்துகொண்டேதான் இருக்கும். உள்ளே போகும் தூசியும் கிருமியும் அதில் ஒட்டிக்கொள்ள, நுண்ணிய மயிரிழைகள் அதைத் தொண்டைக்குத் தள்ள, நாம் அறியாமலே அதை விழுங்கிவிடுகிறோம். காறித் துப்பும் அளவுக்குச் சளி சேர்ந்தால் உள்ளே ஏதோ உறுத்துகிறது என்று பொருள்.

காலையில் முதலில் வரும் சளியை வெள்ளைத் தாளில் துப்பி, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். இருமல் தொடங்கிய நாளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். நிறத்தைவிட அந்தத் தேதிதான் மருத்துவருக்கு அதிகம் உதவும். சளி பச்சையாக இருந்தாலே ஆன்டிபயாடிக் வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். கிருமியோடு போரிடும் வெள்ளணுக்களில் உள்ள ஒரு நொதியே அந்தப் பச்சையைத் தருகிறது. சாதாரண வைரஸ் சளியிலும் அது வரும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் சில மாத்திரைகள் காசநோயைத் தற்காலிகமாக அமுக்கி, அதைக் கண்டுபிடிப்பதைத் தள்ளிப்போட்டுவிடும் என்பதால் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

காய்ச்சலோடு துருநிறச் சளி வந்தால் நிமோனியாவாக இருக்கலாம். ஆண்டுக்கு மூன்று மாதம் வீதம், தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் சளியோடு இருமல் இருந்தால் அது நாட்பட்ட மூச்சுக்குழாய் அழற்சி. புகைபிடிப்போரிடமும், விறகடுப்புப் புகையில் பல ஆண்டுகள் சமைத்த பெண்களிடமும் இதைக் காணலாம். நாள்தோறும் கிண்ணம் நிறைய, நாற்றத்தோடு வருமானால் மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாக விரிந்துபோயிருக்கக்கூடும். இளஞ்சிவப்பு நுரையாகச் சளி வந்து மூச்சும் திணறினால், அது பெரும்பாலும் இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோப்பதன் அடையாளம். உடனே 108-ஐ அழையுங்கள். ரத்தக் கீற்று ஒரே ஒருமுறை தென்பட்டாலும், அது ஈறிலிருந்து வந்ததா நெஞ்சிலிருந்து வந்ததா என்பதை மருத்துவரே முடிவு செய்யட்டும்.

இருமல் இரண்டு வாரத்தைக் கடந்தால், அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசநோய்க்கான சளிப் பரிசோதனையை இலவசமாகச் செய்துகொள்ளலாம். பலரும் கொண்டுவரும் குப்பியில் மேலே நுரையும் கீழே தண்ணீர்போன்ற எச்சிலுமே இருக்கும். அதில் நோய்க்கிருமி இருந்தாலும் அகப்படாமல் போகலாம். காலையில் எழுந்ததும், எதுவும் சாப்பிடுவதற்கு முன், வெறும் தண்ணீரால் வாயைக் கொப்பளியுங்கள். வீட்டாரிடமிருந்து விலகி, காற்றோட்டமான திறந்தவெளியில் நின்று, இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சிழுத்துச் சில நொடிகள் அடக்கி விடுங்கள். பிறகு அடிநெஞ்சிலிருந்து இருமி, கெட்டியாக வருவதைக் குப்பிக்குள் நேரடியாகத் துப்புங்கள். 2 முதல் 5 மில்லி போதும். மூக்கிலிருந்து உறிஞ்சி இழுத்த சளி உதவாது. மூடியை இறுக்கி, குப்பியின் பக்கவாட்டில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்த்து, வெயில் படாமல் அன்றே கொண்டுபோய்க் கொடுங்கள். கிருமி இல்லை என்று முடிவு வந்த பிறகும் இருமல் நிற்கவில்லையென்றால், குறித்து வைத்த அந்தத் தேதியோடு மருத்துவரை மீண்டும் பார்த்து, மார்பு எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள்.