தரங்கம்பாடியில் ரெண்டு நாள்: ஓடாமல் ஒரு குடும்பப் பயணம் போவது எப்படி?

போன வருஷம் வைகாசியில் இதே ஊருக்குக் கிளம்பி, சண்டையோடு வீடு திரும்பினோம். ஒரே நாளில் பூம்புகார், திருக்கடையூர், நாகூர், வேளாங்கண்ணி. "ஏம்மா, கடலைப் பார்க்க வந்தோமா, பஸ்ஸைப் பார்க்க வந்தோமா?" என்று அத்தை கேட்டுவிட்டார். இந்த மாசியில் மறுபடி போனோம். இந்தமுறை சரியாக வந்தது. செய்ததை அப்படியே எழுதுகிறேன்.

படி 1: மாதம்

தை, மாசி, பங்குனி. ஐப்பசி, கார்த்திகையில் மழையும் கொந்தளிப்பும்தான் மிஞ்சும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு போகாது. மீனுக்காகவே போகிறவர்கள் அதையும் தவிர்க்கலாம்.

படி 2: அறை (நான் மாட்டிய இடம்)

போன வருஷம் காலண்டரில் முகூர்த்தமே இல்லாத சனிக்கிழமையாகப் பார்த்து, பெரிய புத்திசாலி மாதிரி, அறை சொல்லாமலே கிளம்பினேன். வழியில் திருக்கடையூரில் பார்த்தால் வாசலுக்கு வாசல் வாழைமரம்! அறுபதாம் கல்யாணத்துக்கும் எண்பதாம் கல்யாணத்துக்கும் இந்த முகூர்த்தக் கணக்கு கிடையாது. பிறந்த நட்சத்திரம்தான் கணக்கு. யமனை உதைத்த சுவாமி இருக்கும் ஊர் என்பதால் வருஷம் முழுக்க யார் வீட்டு ஹோமமாவது நடந்துகொண்டே இருக்கும். அங்கே இடம் கிடைக்காதவர்கள் சில கிலோமீட்டர் தள்ளித் தரங்கம்பாடிக்கு வந்துவிடுவார்கள். இங்கேயோ தங்குமிடங்களே கொஞ்சம். கடைசியில் ராத்திரி பத்து மணிக்குக் காரைக்காலில் ஒரு லாட்ஜில் ஐந்து பேருக்கு ஒரே அறை. மறுநாள் அந்தக் கோபத்தில்தான் அத்தனை ஊரையும் சுற்றினோம்.

அதனால் முதலில் அறை, அப்புறம்தான் ரயில் டிக்கெட். போனில் மூன்று கேள்வி கேளுங்கள்: கீழ்த்தளமா? கால் கழுவ வெளியே குழாய் இருக்கா? 24 மணி நேரக் கணக்கா, காலையிலேயே காலி செய்யணுமா? தை அமாவாசையைத் தொடவே வேண்டாம். அது அபிராமி பட்டர் நாள், அந்தப் பக்கமே நிரம்பி வழியும்.

படி 3: போய்ச் சேர்வது

மயிலாடுதுறை வரை ரயில். அங்கிருந்து ஆக்கூர், திருக்கடையூர் வழியாகப் பஸ், ஏறக்குறைய ஒரு மணி நேரம். 1792இல் கட்டிய நகர வாயிலுக்குள் நுழைந்து நேரே நடந்தால் கோட்டையும் கடலும்தான்.

படி 4: மூட்டை

பிளாஸ்டிக் விரிப்பு வேண்டாம், காற்றில் பறக்கும். கோரைப்பாய்தான் என் கட்சி. பருத்த டர்க்கி டவலுக்குப் பதில் பழைய வேட்டியைக் கிழித்து நாலு துண்டு: மணல் ஒட்டாது, அரை மணியில் காயும். முகப்பவுடர் ஒரு டப்பா அவசியம். காலில் தூவித் துடைத்தால் மணல் உதிர்ந்துவிடும்.

படி 5: பொழுது

இது கிழக்குக் கடல், சூரியன் எழுவதுதான் காட்சி. விடியும் முன்னே மணலில் இருங்கள். ஒன்பது மணிக்கு மேல் சுட ஆரம்பித்ததும் எழுந்துவிடுங்கள். டென்மார்க்காரர்கள் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி 1620இல் கட்டிய டேனிஷ் கோட்டை பக்கத்திலேயே இருக்கிறது. 1706இல் இங்கே வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சடித்ததும் இதே ஊரில்தான். பெரியவளுக்கு அதைச் சொன்னேன், அவள் பீரங்கியைத்தான் பார்த்தாள். போகட்டும்.

மத்தியானம் எதுவும் வேண்டாம். சாப்பாடு, தூக்கம். வெயிலில் தரை சூடேறியதும் கடல்காற்று உள்ளே வரும், அதற்குள் நாலு மணி ஆகியிருக்கும். அப்போது மாசிலாமணிநாதர் கோயில் பக்கம் போங்கள். குலசேகர பாண்டியன் காலத்துக் கோயில், முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. அத்தை அங்கே உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசவே இல்லை.

படி 6: தண்ணீர்

பிள்ளைகளுக்கு முழங்கால் ஆழம், பெரியவர்கள் கை பிடித்தபடி. இருபுறமும் அலை உடைந்து நடுவில் ஓரிடம் மட்டும் சாதுவாகத் தெரிந்தால் அங்கே இறங்காதீர்கள். உள்ளிழுக்கும் ஓட்டம் பெரும்பாலும் அங்கேதான். எங்கே இறங்கலாம் என்று கரையில் வலை பிரிப்பவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு சேர்த்தது: தயிர்சாதம் மத்தியானத்துக்குள் புளித்துவிட்டது என்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். சாதத்தைக் குழைய மசித்து, ஆறிய பாலை நிறைய ஊற்றி, தயிர் ஒரு கரண்டி மட்டும் விடுங்கள். போகும்போதுதான் அது தயிராகணும்.

இன்னொருவர், பௌர்ணமிக்குப் போய் கடலிலிருந்து நிலா எழுவதைப் பார்த்ததாகவும், கூடவே பாயும் செருப்பும் நனைந்ததாகவும் சொல்லியிருந்தார். பௌர்ணமி, அமாவாசையில் ஓதம் அதிகம், தண்ணீர் வழக்கத்தைவிட மேலே ஏறும். காய்ந்த பாசியும் சிப்பியும் மணலில் வரிசையாகக் கிடக்கும், அந்த வரிசையைத் தாண்டி மேலே பாயை விரியுங்கள்.