வீடு தேடிச் செல்லும் செவிலியர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேரள அரசு 2008இல் நோய்த்தணிப்புப் பராமரிப்புக்கென, அதாவது தீராத நோயாளிகளின் வலியையும் அவதியையும் தணிக்கும் பாலியேட்டிவ் பராமரிப்புக்கென, தனிக் கொள்கை வகுத்த பிறகு, படுத்த படுக்கையானவர்களைப் பார்க்க ஊராட்சியின் பாலியேட்டிவ் செவிலியர் ஆஷா எனப்படும் கிராமச் சுகாதாரப் பணியாளரோடு வீடு தேடி வருவது அங்கே வழக்கமாகிவிட்டது. பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் போன்ற எல்லையோர ஊர்களில் அவர் நுழையும் வீடுகள் பலவற்றில் பேச்சு தமிழில்தான். மருத்துவமனை வார்டில் பழகிய செவிலியர் வீட்டில் செய்யும் தவறுகளுக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான் உண்டு: நாம் அங்கே இருப்பது அரைமணி நேரம், மற்ற நேரமெல்லாம் நோயாளியைப் பார்த்துக்கொள்வது மகளோ மருமகளோ என்பதை மறந்துவிடுகிறோம்.

இந்த மறதி மிகுந்த துன்பம் தருவது மார்ஃபின் என்னும் கடும் வலிக்கான மருந்தின் விஷயத்தில். "வலி வந்தால் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டு வருவது பெரும் தவறு. சாதாரண மார்ஃபின் மாத்திரையின் பலன் ஏறக்குறைய நான்கு மணி நேரமே நிற்கும். ஆகவே காலை 6, 10, பகல் 2, மாலை 6, இரவு 10 என்று நேரம் தவறாமல் கொடுத்தால்தான் வலி தலைதூக்காது. நள்ளிரவில் யாரும் எழ வேண்டாம் என்பதற்காக இரவு 10 மணி வேளைக்கு மருத்துவர் இரட்டிப்பு அளவு எழுதியிருந்தால், அதன் காரணத்தை வீட்டாருக்கு விளக்க வேண்டும். இல்லையேல் பயந்து பாதியைத்தான் கொடுப்பார்கள். மலமிளக்கியைச் சேர்த்துத் தராமல் மார்ஃபினைத் தொடங்குவதும் தவறுதான். தொடக்கத்தில் வரும் குமட்டலும் தூக்கமும் சில நாளில் தணியும், ஆனால் மலச்சிக்கல் தானாகத் தணியாது. சிறுநீரகம் பழுதுபட்டவருக்கு மருந்து உடலில் தேங்கும் என்பதால், அளவையும் இடைவெளியையும் மருத்துவரிடம் கேட்காமல் எதையும் மாற்றக் கூடாது.

மருந்து அட்டையை மலையாளத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வருவது இப்பகுதிக்கே உரிய தவறு. பேசினால் மலையாளம் புரிகிற மருமகளுக்கு அதைப் படிக்கத் தெரியாமல் இருக்கலாம். கோயம்புத்தூர் மருத்துவமனையில் கொடுத்த ஆங்கிலச் சீட்டோ அலமாரியில் கிடக்கும். தமிழில் நேரத்தை எழுதி, பக்கத்தில் அந்தந்த மாத்திரையை ஒட்டிக் காட்டி, அவரையே ஒரு முறை திருப்பிச் சொல்லச் சொன்ன பிறகே கிளம்ப வேண்டும்.

வலியை நோயாளியிடம் கேட்காமல் மகனிடம் கேட்பது இன்னொரு தவறு. வீட்டார் கூடியிருக்கும்போது "பரவால்லீங்க சிஸ்டர்" என்று சொல்லும் பாட்டியை ஒருபுறமாகத் திருப்பிப் படுக்க வைக்கும்போது, கட்டில் சட்டத்தை இறுகப் பற்றும் அவர் விரல்களைக் கவனியுங்கள். தனியே இருக்கும்போது மீண்டும் கேளுங்கள். நோயின் பெயரை அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று பிள்ளைகள் கெஞ்சுவார்கள். அவர்களைக் கடிந்துகொள்ளவும் வேண்டாம், அவர்களோடு சேர்ந்து பொய் சொல்லவும் வேண்டாம். அவர் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்பதை அவரிடமே மெல்லக் கேட்டறிவதுதான் நேர்மையான வழி.

படுக்கைப்புண் வரப்போகும் சிவந்த இடத்தை எண்ணெய் தடவித் தேய்ப்பது வழக்கத்தில் இருக்கிறது. அது அடியிலுள்ள திசுவை மேலும் நைத்துவிடும். தண்ணீர்ப் படுக்கை வாங்கியாயிற்று என்று பக்கம் மாற்றுவதை நிறுத்திவிடுவதும் அப்படியே. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றுவதையும், இழுக்காமல் விரிப்போடு தூக்கி நகர்த்துவதையும் நாம் செய்து காட்டினால் போதாது, அவர்கள் கையால் செய்ய வைத்துப் பார்க்க வேண்டும். நாற்றமடிக்கும் புண்ணுக்கு மெட்ரோனிடசோல் என்னும் கிருமிக்கொல்லி மாத்திரையைப் பொடித்துத் தூவுவது மலிவான, பலன் தரும் வழி; நாற்றம் குறைந்தால் பேரப்பிள்ளைகள் கட்டிலருகே வருவார்கள். குழாய் வழியே சிறுநீர் சேரும் பையைக் கட்டிலுக்கு மேலே தூக்கி வைக்காமலும் தரையில் போடாமலும் பார்த்துக்கொள்ளச் சொல்ல மறக்காதீர்கள்.

கடைசி நாட்களில் உணவு இறங்காதபோது வற்புறுத்தி ஊட்டச் சொல்வதும், வீட்டாரின் மன அமைதிக்காகக் குளுக்கோஸ் ஏற்றுவதும் நோயாளிக்கு நன்மை செய்வதில்லை. நீர் கோத்து மூச்சு இரைப்பு கூடவே செய்யலாம். ஈரத் துணியால் வாயையும் உதட்டையும் நனைப்பதைச் சொல்லிக்கொடுங்கள். தொண்டையில் சளி கரகரத்தால் ஒருக்களித்துப் படுக்க வைப்பதே முதல் வேலை. இந்த ஒலி வரக்கூடும் என்று முன்பே சொல்லியிருந்தால் நள்ளிரவில் ஆம்புலன்ஸ் தேடி அலைய மாட்டார்கள்.

இறப்புக்குப் பிறகு மிச்சமிருக்கும் மார்ஃபினை வீட்டிலேயே விட்டுவிடக் கூடாது. ஆனால் சாவு வீட்டில் அன்றைக்கே கணக்குப் பார்ப்பது முறையல்ல. துக்கம் விசாரிக்கச் செல்லும் நாளில், பார்த்துக்கொண்டவரோடு சற்று உட்கார்ந்து பேசிய பிறகு, மாத்திரைகளை அவர் முன்னால் எண்ணி, பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கி எடுத்து வாருங்கள்.