பழைய செவர்லே பிக்கப் மாடலில் அசல் துரு கொண்டுவருவது எப்படி?

செவர்லே 1947 முதல் 1955 வரை தயாரித்த ‘அட்வான்ஸ் டிசைன்’ வரிசையின் 3100 பிக்கப், பிளாஸ்டிக் மாடலில் துருவேறிய வண்டி செய்யப் பழகுகிறவர்களுக்கு அருமையான தொடக்கம். உருண்ட மட்கார்டு, அகலமான பானெட், பலகை பாவிய பின்தொட்டி என்று காலம் தடம் பதிக்க நிறைய இடம் இருக்கிறது. 1950-ஆம் ஆண்டு வண்டிக்கான ஏஎம்டி நிறுவனத்தின் கிட் (ஒட்டிச் சேர்க்கும் பாகங்களின் பெட்டி) 1/25 அளவு. மாடலில் 1 மி.மீ. என்பது அசல் வண்டியில் இரண்டரை செ.மீ. என்பதை எப்போதும் நினைவில் வையுங்கள்.

பெயின்டைத் திறக்கும் முன் வண்டி எந்த ஊரில் நின்றது என்று முடிவு செய்யுங்கள். அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் நின்ற வண்டியின் கூரையிலும் பானெட்டிலும் வெயில் பெயின்டைத் தின்றிருக்கும். துரு மெல்லிய பழுப்புப் படலமாகத்தான் இருக்கும். பனிக்காலச் சாலைகளில் உப்புத் தூவும் மிச்சிகனில் ஓடிய வண்டியைத் துரு கீழிருந்து அரிக்கும்: கேபினின் பின்மூலைகள், கதவின் அடி, சேறு தங்கும் மட்கார்டின் உள்விளிம்பு. இரண்டையும் ஒரே வண்டியில் கலந்தால் பார்ப்பவர் கண்ணுக்கு உடனே பொய் தெரியும்.

அடித்தளம். பாகங்களைப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெதுவெதுப்பான நீரில் கழுவிக் காயவைத்து, 600 எண் உப்புத்தாளால் அச்சில் வார்த்தபோது விழுந்த கோடுகளைத் தேய்த்துவிட்டு பிரைமர் (அடிப்பூச்சு) அடியுங்கள்.

துரு. அசல் வண்டியில் பெயின்டுக்குப் பிறகுதான் துரு. நாம் முதலில் துருவைப் பூசி, மேலே பெயின்ட் அடித்துப் பெயர்க்கப் போகிறோம். டாமியா நிறுவனத்தின் அக்ரிலிக் பெயின்டான எக்ஸ்எஃப்-64 சிவப்புப் பழுப்பை முழுக்க அடியுங்கள். காய்ந்ததும் அதிலேயே கொஞ்சம் கறுப்பு கலந்து, கிழித்த ஸ்பாஞ்சுத் துண்டால் ஒற்றுங்கள். ஆரஞ்சு மிகக் கொஞ்சம் போதும். பழைய துரு கரும்பழுப்பு, புதுத் துருதான் ஆரஞ்சு. தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் வண்டி முழுக்க ஆரஞ்சாக்கிக் கெடுப்பது இங்கேதான்.

ஒரு நாள் காயவிட்டு, லாக்கர் வகை மேட் கிளியர் கோட்டை (பளபளப்பில்லாத, நிறமற்ற பாதுகாப்புப் பூச்சு) மெல்லியதாக அடியுங்கள். இதைத் தவிர்த்தால் அடுத்து அடிக்கப்போகும் ஹேர்ஸ்பிரேயில் உள்ள ஆல்கஹால் துருப் படலத்தை இளக்கிவிடும். பிறகு பெயர்க்கும்போது பிரைமர் வரை எல்லாம் வந்துவிடும்.

ஹேர்ஸ்பிரேயும் மேல்நிறமும். 25 செ.மீ. தள்ளி நின்று ஹேர்ஸ்பிரேயை இரண்டு மெல்லிய படலமாக அடித்து, 15 நிமிடம் காயவிடுங்கள். பிறகு தண்ணீர் பட்டதும் இந்தப் படலம் கரைந்து மேலே உள்ள பெயின்டைப் பெயர்க்கவிடும். மேலே அக்ரிலிக் கரும்பச்சை. வெயிலில் வெளுத்த தோற்றத்துக்குச் சிறிது வெள்ளை சேர்க்கலாம். தண்ணீரிலோ டாமியாவின் எக்ஸ்-20ஏ தின்னரிலோ கரைத்து இரண்டு மெல்லிய கோட் போதும். லாக்கர் தின்னரில் கரைத்தால் பெயின்ட் அடியைக் கவ்விக்கொண்டு பெயரவே மாட்டாது.

பெயர்த்தல். அரை மணி நேரத்துக்குள் தொடங்குங்கள். ஓர் இரவு விட்டால் பெயின்ட் இறுகிவிடும். ஒரு சிறு இடத்தை மட்டும் வெதுவெதுப்பான நீரால் நனைத்து ஒரு நிமிடம் பொறுங்கள். பிறகு முடி குட்டையாக வெட்டிய பிரஷால் குத்துங்கள், கீறலுக்குப் பல்குச்சி. தோல் உரிவதுபோல் பெரிய பெரிய ஏடாக வந்தால் ஹேர்ஸ்பிரே தடித்துவிட்டது அல்லது தண்ணீர் அதிகம் என்று பொருள். போதும் என்று தோன்றுவதற்குச் சற்று முன்பே நிறுத்துங்கள். இன்னும் வேண்டுமென்றால் ஸ்பாஞ்சால் துருப்புள்ளி ஒற்றிக்கொள்ளலாம். காய்ந்ததும் மறுபடி மேட் கிளியர்.

வழிந்த கறை. பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பு எண்ணெய் வண்ணத்தைக் கூரையோரத் தண்ணீர் வழி விளிம்பிலும் கதவுக் கீல்களுக்குக் கீழும் ஊசிமுனைப் புள்ளிகளாக வையுங்கள். பத்து நிமிடம் கழித்து, டர்பன்டைனில் நனைத்துத் துடைத்த பிரஷால் நேர் கீழாக இழுங்கள். சாய்வாக இழுத்தால் வண்டி மலைச்சரிவில் நின்றதுபோல் ஆகிவிடும்.

பின்தொட்டி. அசல் பலகையின் தடிமன் 2 செ.மீ.க்குள்தான், மாடலில் அது 0.8 மி.மீ.கூட வராது. ஐஸ்கிரீம் குச்சி இங்கே உத்தரம் போலத் தெரியும். கிட்டில் வரும் பிளாஸ்டிக் தளத்திலேயே ரம்பப் பல்லால் நீளவாக்கில் கீறி, சாம்பல் நிறம் பூசுங்கள். பலகைகளுக்கு இடையே ஓடும் இரும்புப் பட்டைகளுக்குத் துரு நிறம்.

டயரும் தூசியும். டயரின் தரை தொடும் பகுதியை 400 எண் தாளால் தேய்த்துப் பளபளப்பைப் போக்குங்கள். தூசிக்கான பிக்மென்ட் பொடியை (உலர்ந்த நிறப்பொடி) கடைசியில்தான் தூவ வேண்டும். அதன்மேல் கிளியர் கோட் அடித்தால் பாதித் தூசி மறைந்து, மீதி ஈரமண்ணாகக் கறுக்கும். அதற்குப் பதில் ஓரத்தில் ஒரு சொட்டு டர்பன்டைன் வையுங்கள், தானே பரவிப் பொடியைப் பிடித்துக்கொள்ளும்.